கவ்வும் நாய் காவல் காக்குமா?

ஆரல்வாய்மொழிப் பக்கம் வெள்ளாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அமெரிக்கன் புல்டாக் குட்டி விலைக்கு வருகிறதாம், பட்டிக் காவலுக்கு வாங்கலாமா? வேண்டாம் என்பதே என் பதில். நாய் பொல்லாதது என்பதற்காகச் சொல்லவில்லை. அது வேறு வேலைக்குப் பழகிய பரம்பரை.

ஓநாயின் வேட்டைக்குப் படிகள் உண்டு: உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், தின்னுதல். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர் இதை வைத்தே இனங்களைப் பிரித்துக் காட்டினார். தோவாளையில் மாலை கட்டுகிறவர்கள் இருக்கிற பூக்களிலேயே ஒன்றைக் கூட்டி ஒன்றை விட்டு வெவ்வேறு மாலை தொடுப்பதுபோல, மனிதன் இந்தப் படிகளைக் கூட்டியும் குறைத்தும் நாய்களை உருவாக்கினான். ஆடு மேய்க்கும் பார்டர் காலியிடம் பார்வையும் பதுங்கலும் துரத்தலும் ஓங்கியிருக்கும், கடி அடங்கியிருக்கும். துருக்கியின் கங்கால் போன்ற காவல் நாயிடம் இந்த வேட்டைப் படிகள் தலைகாட்டுவதே அரிது. அதனால்தான் ஆடு துள்ளி ஓடினாலும் அது சும்மா படுத்திருக்கிறது.

புல்டாக் வகையில் ஓங்கியது கவ்வுதல். அதிலும் மூக்கைக் கவ்வுதல்! மாட்டின் மூக்கு நுனியில் உரோமம் கிடையாது, உணர்வு நரம்புகள் மிகுதி. இழுத்தால் வலி கூடும். ஆகவே எத்தனை பெரிய காளையும் இழுப்பதை நிறுத்திவிடும். நம் ஊர் மூக்கணாங்கயிறு நம்பியிருப்பதும் இதே நரம்புகளைத்தான். இங்கிலாந்தில் காளையோடு நாயை மோதவிடும் குரூர விளையாட்டு 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் ஆங்கில புல்டாக் வீட்டுக் கூடத்து நாயாகச் சாந்தமடைந்தது. அமெரிக்காவின் தென்பகுதிப் பண்ணைகளிலோ அடங்காத மாட்டையும் காட்டில் திரிந்த பன்றியையும் பிடித்து நிறுத்த நாய் தேவைப்பட்டது. அங்கே அமெரிக்கன் புல்டாக்கிடம் அந்தக் கவ்வல் பிழைத்துக்கொண்டது.

இங்கே என்னை வியக்க வைப்பது ஒன்று உண்டு. அந்தக் கவ்வலுக்குக் கோபமும் வேண்டாம், பசியும் வேண்டாம். கவ்வுவதே அந்த நாய்க்குச் சன்மானம். வீட்டாரிடம் குழைந்து, குழந்தையின் காலடியில் உறங்கும் அதே நாய், ஓடுகிற ஆட்டின் காதைக் கண்டதும் விளையாட்டாகவே பற்றிவிடும். ஆடு கதறித் திமிறினால் பிடி இன்னும் இறுகும். தாடை பூட்டிக்கொள்ளும் என்பது வெறும் கட்டுக்கதை. நாயின் மண்டையோட்டில் அப்படி ஒரு பூட்டே இல்லை. இருப்பது வலுவான தசையும் விடாப்பிடியும்தான். காளைக்கு மூக்கில் காயத்தோடு போவது வெள்ளாட்டின் உயிரையே கொண்டுபோய்விடும்.

ஆங்கில புல்டாக்கை வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு தடை, நம் காற்று. நாய் மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. சப்பை மூக்கில் அதற்கு இடம் குறைவு. குமரிக் கடலோரப் புழுக்கத்தில் ஆவியாதலும் மந்தம்.

2024இல் மத்திய அரசு இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை சொன்ன 23 இனங்களின் பட்டியலில் அமெரிக்கன் புல்டாக்கும் கங்காலும் சேர்ந்தே இருந்தன. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆட்டைக் கவ்வும் நாயையும் ஆட்டைக் காக்கும் நாயையும் ஒரே கூண்டில் அடைப்பவர்களுக்கு நடத்தை அறிவியல் எட்டவில்லை என்றுதான் சொல்வேன். நம் நாட்டு இனங்களான கோம்பையும் கன்னியும் ஆட்டிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை முறையாக அளக்கப் பணம் ஒதுக்கினால், கண்காட்சிப் பரிசுகளைவிட நமக்குப் பயன்.

வாசகருக்கு: ஆட்டைத் துரத்தாத நாட்டுத் தாய்க்குப் பிறந்த குட்டியாகப் பாருங்கள். சிப்பிப்பாறை வேண்டாம், அது துரத்தப் பிறந்தது. தாய்ப்பால் மறந்ததும் பட்டிக்குள்ளேயே விடுங்கள். மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களையே நாய் தன் கூட்டமாக ஏற்கும். ஆட்டின் காதைக் கடித்து விளையாடத் தொடங்கினால் உடனே பிரித்து, முட்டித் தள்ளும் மூத்த கிடாவோடு சில நாள் பழகவிடுங்கள்.