பத்திரிகை வைக்கும்போது அந்த வீட்டை விட்டுவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலர் நோய் ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் வருகிறார்கள். அதற்குள் மதுரைக்கும் திருச்சிக்கும் யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்து, அலைய முடியாமல் மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, எல்லாம் முற்றிப்போயிருக்கும். உள்ளூரிலேயே காட்டியிருக்கலாமே என்றால், "தெரிஞ்சா அவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையுமா?" என்கிறார்கள்.

ஓர் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியே சொல்கிறேன்). முகப்பு, வளவு எல்லாம் தாண்டி இரண்டாம் கட்டில் ஒரு அறை, வெளியே தாழ்ப்பாள். "ஆத்தா, அவன் சிங்கப்பூர்ல இருக்கான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு" என்றார். உள்ளே இருபதுகளில் இருக்கும் பையன். காதில் யாரோ திட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தான். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கி வந்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். சாமியும் கும்பிடுங்கள், மாத்திரையும் கொடுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

இல்லாத குரல் கேட்பது மனச்சிதைவு நோயில் அடிக்கடி வருவது. பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்கும், சீக்கிரம் வைத்தியம் பார்த்தால் நன்றாகத் தேறலாம். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம், வருகிற பெண்ணின் வாழ்க்கையும் அதில் சேர்ந்துவிடுகிறது.

அடைத்து வைப்பதும் கட்டி வைப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் பக்கத்து மாவட்டமே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது.

சரி, அந்தப் பையனுக்கு மாத்திரை ஆரம்பித்து, சில வாரத்தில் குரல்கள் அடங்கின. ஆனால் அவன் வளவைத் தாண்டி வரவில்லை. பேசவும் ஆள் இல்லை, கூப்பிடவும் ஆள் இல்லை. அப்புறம் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர், ஆச்சியோடு பேசிவிட்டு நேரே இரண்டாம் கட்டுக்கே போய், "தம்பி, பந்தியில இலை போட ஆள் குறையுது, காலையில வந்துரு" என்றிருக்கிறார். போனான். யாரும் துருவிக் கேட்கவில்லை. மாத்திரையால் செய்ய முடியாததை அந்த அண்ணன் செய்தார். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருந்தால், முதலில் கூப்பிடுங்கள், "இப்ப எப்படி இருக்கு?" என்று சுகரைக் கேட்பது போலவே கேளுங்கள், "பைத்தியம்", "கீழ்ப்பாக்கம்" பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வைத்தியத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே பார்க்கிறார்கள், எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 2022-லிருந்து இருக்கிறது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோகூடக் கேட்கலாம்.