குண்டு பல்பை மாற்றினால் கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும்? உஜாலா திட்டம் பற்றி

எங்கள் வீட்டில் கடைசியாக மாறியது பூஜை அறை பல்புதான். எல்.இ.டி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்கி மாட்டினேன். பழைய மஞ்சள் வெளிச்சம் அப்படியே வந்தது, அம்மாவுக்கும் திருப்தி.

எல்.இ.டி. பல்பு ஏழை வீடுகளுக்கும் எட்டியதில், அதைக் குறைந்த விலையில் மக்களுக்குக் கொடுத்த உஜாலா திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மத்திய அரசு இதை 2015 ஜனவரி 5 அன்று தொடங்கியது. பொதுத்துறை மின் நிறுவனங்கள் கூட்டாக அமைத்த இ.இ.எஸ்.எல். இதை நடத்துகிறது. மானியம் கொடுத்து விலையைக் குறைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டார்கள். 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மக்களுக்கு 9 வாட் பல்பு ஏறத்தாழ 70 ரூபாய்க்குக் கிடைத்தது. இதுவரை 36 கோடிக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, பில்லில் என்ன தெரியும்? 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. எடுப்பது 2.7 யூனிட்தான். நான்கு பல்பை மாற்றினால் 61 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், சிறிய வீட்டுக்கு இது பெரிய விஷயம். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீட்டுக்கும் அப்படித்தான். அந்த எல்லையைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுகிறது.

உஜாலா பல்புக்கு 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. அதற்குள் தானாகப் பழுதானால் இலவசமாக மாற்றித் தர வேண்டும். பலரும் பில்லைத் தொலைத்துவிட்டு இந்த உரிமையை விட்டுவிடுகிறார்கள். பல்பு அட்டையையும் பில்லையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வேறு பல்பு வாங்கினால் பி.ஐ.எஸ். தர முத்திரையும், மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்ட வேண்டாம். சூடு வெளியேறாமல், பல்புக்குள் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் கெட்டுவிடும். எங்கள் வாசல் விளக்கில் இரண்டு பல்பு அப்படித்தான் போயின. கூட்டின் அடிப்பகுதியைக் கழற்றிய பிறகு மாட்டிய மூன்றாவது பல்பு இன்னும் எரிகிறது.