சாமி கும்பிடாத வீட்டுக்கு என்ன பெயர்?

போன வாரம் ஓர் ஆவணப்படம் பார்த்தேன். வெளிநாட்டுப் பெண் ஒருவர், அறுபது வயதிருக்கும், தன் சிறுவயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் மதம் என்று எதுவும் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமை தெருவே சர்ச்சுக்குப் போகும்போது இவர்கள் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருப்பார்களாம். அவர் சிரித்துக்கொண்டே சொல்ல, கீழே தமிழ் வரி ஓடியது: "நான் ஓர் இறையிலியாக வளர்க்கப்பட்டேன்."

மதமில்லாமல் வளர்ந்தவருக்குக் கடவுள் இல்லை என்பவரின் பெயரை ஒட்டுவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதலில் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் 'பிறவி இறைமறுப்பாளர்' என்று பார்த்தேன். அப்புறம் ஒரு கூட்டத்தில், பேச வந்தவரை அறிமுகம் செய்தவர் 'குழந்தைப் பருவம் முதலே கடவுளை மறுத்து வந்தவர்' என்றார். நாலு வயதில் எதை மறுத்திருப்பார்? பருப்புச் சோற்றை மறுத்திருப்பார்.

முதலில் பழைய சொல்லைப் பார்த்துவிடுவோம். நாத்திகம் வடசொல். 'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்பதிலிருந்து வந்தது. எது இல்லை என்பதில்தான் சிக்கல். மனுநூல் வேதத்தைப் பழிப்பவனை நாத்திகன் என்கிறது. கடவுள் பேச்சே அங்கே இல்லை. அந்தக் கணக்கில் கீழக்குயில்குடி சமணமலையிலும் யானைமலையிலும் அரிட்டாபட்டியிலும் கல்லில் படுக்கை வெட்டிக்கொண்டு நோன்பிருந்த சமணத் துறவிகள் அத்தனை பேரும் நாத்திகர். உலகைப் படைத்த கடவுள் தேவையில்லை என்ற பழைய தத்துவக்காரர்களான சாங்கியரும் மீமாம்சகரும் ஆத்திகர், வேதத்தை ஏற்றுக்கொண்டதால். பிற்பாடு பொருள் நகர்ந்து, கடவுள் இல்லை என்பவர் என்றாகிவிட்டது.

தமிழுக்கு இது நேற்று வந்த சொல்லும் இல்லை. மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் 'நாத்திகம் பேசி நாத்தழும்பு ஏறினர்' என்று திட்டியிருக்கிறார். நாக்கில் காய்ப்பு ஏறும் அளவுக்கு நாத்திகம் பேசினார்களாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நம் ஊரில் குடியிருந்து, திட்டும் வாங்கிய சொல்லை 'வடசொல், வெளியே போ' என்றால் எப்படி? கடவுள் இல்லை என்று சொல்கிறவருக்கு நாத்திகர் என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. எனக்கு அதில் வழக்கு இல்லை.

என் வழக்கு இறையிலியோடு. தூய தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து, இறை + இலி என்று ஒட்டியிருக்கிறார்கள். அறிவிலி, முடிவிலி மாதிரி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பாண்டியர் கல்வெட்டு, சோழர் கல்வெட்டு எதையாவது புரட்டுங்கள். இறை என்றால் வரி. இறையிலி என்றால் வரி நீக்கப்பட்ட நிலம். யாருக்காக நீக்கினார்கள்? பெரும்பாலும் கோயிலுக்கு. விளக்கெரிக்க, திருவமுது படைக்க, நந்தவனம் போட என்று மன்னன் விட்டுக்கொடுத்த நிலம்தான் தேவதான இறையிலி. ஆக நம் கல்வெட்டுத் தமிழில் இறையிலி என்பது சாமியின் சொத்து. அந்தப் பெயரைத் தூக்கிச் சாமியே இல்லை என்பவர் தலையில் வைத்தால் கர்ப்பக்கிருகத்தில் இருப்பவரே சிரித்துவிடுவார்.

'அதெல்லாம் செத்துப்போன பொருள், இன்றைக்கு யார் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் இறையிலி கேட்கிறார்கள்' என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறை என்பதன் மற்றப் பொருள்கள் சாகவில்லையே. திருக்குறளில் இறைமாட்சி என்ற அதிகாரம் அரசனைப் பற்றியது. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப்படும்' என்பது அதே அதிகாரத்துக் குறள். நாட்டின் இறையாண்மை என்று இன்றும் செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த இறையில் சாமி இல்லை. அரசன், தலைவன், வரி, அப்புறம்தான் கடவுள் என்று இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டுக் கதவில் ஒரே பெயர்ப்பலகை மாட்டுவானேன்? இன்னொன்றும் உண்டு. 'இலி' ஒட்டி வரும் பெயர்களில் பிறப்பிலி சிவபெருமானின் பெயர். அறிவிலி வசவு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அந்த வெளிநாட்டு அம்மாவை நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, இறையிலி வேண்டாம், இறைமறுப்பாளர் என்று போடலாமே என்பார்கள். அங்கேதான் எனக்கு உண்மையான கோபம். கோபத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

என் அப்பா மில் தொழிலாளி. ஆரப்பாளையம் பக்கம், சங்கு ஊதினால் கேட்கிற தூரத்தில் வாடகை வீடு. 1968-இல் அவருக்கும் அம்மாவுக்கும் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றிக் கல்யாணம். வீட்டில் சாமி படம் கிடையாது. விளக்கு மாடம் இருந்தது, அதில் அப்பாவின் சவரப் பெட்டி இருந்தது. பக்கத்து வீட்டு அப்பத்தா ஒருநாள் என்னைப் பிடித்து, "ஏண்டா, ஒங்களுக்குக் குலசாமி எது?" என்றார். எனக்கு ஏழு வயது. குலசாமி என்பது ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு வீடு இருக்க வேண்டிய ஏதோ ஒன்று, நம் வீட்டில் மட்டும் தொலைந்துவிட்டது போல என்று நினைத்து அப்பாவிடம் ஓடினேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தாத்தாவுக்கு இருந்துச்சு. எனக்கு வேணாம்னு நான் விட்டுட்டேன். ஒனக்கு வேணும்னா பெருசானதும் நீ பாத்துக்க."

அப்பா மறுத்தவர். அவர் கையில் ஒன்று இருந்தது, எடைபோட்டுப் பார்த்தார், கீழே வைத்தார். அதற்காகச் சொந்தத்தில் நாலு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. மறுப்பாளர் என்பது அவர் சம்பாதித்த பெயர். நான் என்ன மறுத்தேன்? என் இலைக்கு அது வரவே இல்லை. பந்தியில் உட்கார்ந்தவன்தான் இலைக்கு மேல் கையை மறித்துப் 'போதும்' என்று சொல்ல முடியும். பந்தி நடப்பதே தெரியாமல் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தவனைச் சாப்பாட்டை மறுத்தவன் என்பீர்களா?

'மறு' என்ற வினை அப்படிப்பட்டது. தமிழ் பைபிளில் பேதுரு இயேசுவை மூன்று தரம் மறுதலிக்கிறார். அவரைக் கூடவே இருந்து அறிந்தவர் என்பதால்தான் அது மறுதலிப்பு. வழியில் போன யாரோ ஒருவர் 'எனக்குத் தெரியாது' என்றிருந்தால் அது வெறும் பதில். இஸ்லாமியத் தமிழிலும் இறைமறுப்பாளர் என்று எழுதுகிறார்கள். செய்தி வந்து சேர்ந்தபின் ஏற்காதவரை அப்படிச் சொன்னால் சொல் சரியாக உட்காருகிறது. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நூலாசிரியன் கொள்ளும் எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் போட்டு, உடன்படல், மறுத்தல் என்றுதான் தொடங்குகிறது. மதம் என்றால் அங்கே கொள்கை, கருத்து. அதாவது மறுத்தலே ஒரு மதம்! நன்னூலார் கணக்கில் இறைமறுப்பாளருக்கு மதம் உண்டு. மதமே இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை எப்படி வைப்பது?

பழந்தமிழில் இதற்குப் பெயர் தேடியும் பார்த்தேன். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களை, அதாவது தத்தம் சமயத்துக்காக வாதாடுகிறவர்களை, வரிசையாக நிறுத்துகிறார். சைவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, கடைசியில் பூதவாதி. கண்ணால் காண்பதுதான் மெய் என்கிற பூதவாதியை மணிமேகலை கேட்கிறாள்: உன் தாய் தந்தை இன்னாரென்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்? நல்ல கேள்விதான். ஆனால் பூதவாதியும் ஒரு வாதி, வாதத்துக்கு வந்து நிற்பவர். பெயரெல்லாம் இப்படிச் சபைக்கு வந்தவர்களுக்கே கிடைத்திருக்கிறது. சாத்தனார் தானியம் நிறுத்த கடைத்தெருவில் எந்தச் சபைக்கும் போகாமல் மூட்டை தூக்கியவர்களும் இருந்திருப்பார்களே என்று எனக்கு ஒரு நப்பாசை.

அரசாங்கத்தின் தமிழ் இன்னும் வேடிக்கை. அப்பா அம்மா கல்யாணத்தைச் சட்டப்படி செல்லுபடி ஆக்கியது 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம். எந்தச் சட்டத்துக்குத் திருத்தம்? இந்து திருமணச் சட்டத்துக்கு. 7-ஏ என்று புதிதாக ஒரு பிரிவு. சாமியைக் கூப்பிடாத கல்யாணம் இந்துக் கல்யாணமாகப் பதிவாகும். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார் அப்பா. "வெறுமனே விட்டா மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்கய்யா" என்று தலைமையாசிரியரே 'இந்து' என்று நிரப்பிவிட்டார். சாதி, மதம் குறிப்பிடத் தேவையில்லை என்று 1973-இலேயே அரசாணை வந்திருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 28.7 லட்சம் பேர் 'மதம் குறிப்பிடாதோர்'. அந்தச் சொல் கட்டம் காலியாக இருப்பதைச் சொல்கிறது. ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் போராடி வாங்கிய சான்றிதழில்தான் 'சாதி, மதம் அற்றவர்' என்ற பேச்சு ஊரறிய வந்தது.

கேள்வி கேட்பதும் மறுப்பவர்களின் தனிச்சொத்து இல்லை. எனக்கும் சந்தேகம் வந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து. பதினைந்து வயதில், இத்தனை பேர் போகிறார்களே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று வீட்டில் சொல்லாமல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். சுவாமி சந்நிதிக்கு முன்னால் காளி சிலை. எல்லோரும் வெண்ணெய் உருண்டை வாங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். நானும் வாங்கி எறிந்தேன். குறி தப்பித் தூணில் பட்டு, ஒரு மாமியின் முந்தானையில் விழுந்தது. அவர் முறைத்த முறைப்பில் பக்தி வரவில்லை, பயம்தான் வந்தது. அப்புறம் உள்ளே போகிற வழியில் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை. அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றேன். சட்டத்தைக் கேட்டால் நான் இந்து. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் இல்லாதவர் எல்லோரையும் அது ஒரே கூடையில்தான் போடுகிறது. அப்பத்தாவைக் கேட்டால் குலசாமி இல்லாத பயல். என்னைக் கேட்டால் தெரியாது. அன்றைக்கு உள்ளே போகாமல் திரும்பி, புதுமண்டபத்தில் ஒரு பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பையன் கடவுளை மறுத்தானா, தேடினானா?

அவன் நின்ற இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. 1869-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஹக்ஸ்லி அக்னாஸ்டிக் என்ற சொல்லை உண்டாக்கினார். கடவுள் உண்டா இல்லையா என்பது அறிந்து சொல்லக்கூடியது இல்லை என்பவர். இதை நாத்திகர் என்று எழுதுவது சோம்பேறித்தனம். ஐயவாதி என்பது பரவாயில்லை, ஆனால் ஐயமிட்டு உண் என்று படித்து வளர்ந்த காதுக்குப் பிச்சைபோடும் வாதியாகவும் கேட்கிறது. அறியவொண்ணாக் கொள்கையர் என்பது பொருளில் சரி, வாயில் நுழையாது. நான் 'தெரியாது என்பவர்' என்றே எழுதிவிடுவேன்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குத் தகராறு. ஆளைக் கண்டால் ஒரு பெயரை ஒட்டியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? டீ குடிக்கப் பிடிக்கும் என்றால் போதாதாம், 'தேநீர் விரும்பி'யாம். நாய் வளர்ப்பவர் 'செல்லப்பிராணி ஆர்வலர்'. மூல மொழியில் ஒரு பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் ஒரு பெயர்ச்சொல்லைச் சுட்டு எடுக்கிறார்கள். நமக்கு வினையும் எச்சமும் வண்டி வண்டியாகக் கிடக்க, அதையெல்லாம் விட்டுவிட்டு 'வளர்க்கப்பட்டேன்' வேறு. பிள்ளை வளர்ந்தது என்போமா, வளர்க்கப்பட்டது என்போமா? பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மதமற்றவர் என்று எழுதுங்கள். மதமும் வடசொல்தானே என்று கேட்பவர் சமயத்தையும் கூடவே வெளியேற்ற வேண்டியிருக்கும், அவர் பாடு. எங்கள் தெருவில் இந்தத் தொல்லையே இல்லை. 'சாமி கும்பிடாத வீடு' என்றால் தபால்காரருக்கும் பால்காரருக்கும் தெரியும். எங்கள் முகவரியே அதுதான்.

படத்துக்குத் தமிழ் வரி எழுதிய தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான். "நீங்க சொல்றது சரிதாண்ணே, ஆனா ஒரு வரிக்குள்ள அடங்கணும். விளக்கமா எழுதுனா எழுத்து கூடிப்போகும்" என்றான். போனை வைத்துவிட்டு ஒரு தாளில் எண்ணிப் பார்த்தேன். நான் ஓர் இறையிலியாக வளர்க்கப்பட்டேன்: 20 எழுத்து. மதமில்லாத வீட்டில் வளர்ந்தேன்: 16.