முன்னிற்கும் சுரப்பியில் மூண்ட அழல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ‘தே தாரிக்’ தேநீர் ஆறிக்கொண்டிருக்க, தம்பி முறையுள்ள ஒருவர் மருத்துவ அறிக்கையை மேசையில் விரித்தார். கல்யாணமாகி நான்கு ஆண்டு, குழந்தை இல்லை. தாளில் மலாயில் ‘புரோஸ்டாட்டித்திஸ் குரோனிக்’ என்றிருந்தது.

“இதுக்குத் தமிழ்ல என்னண்ணே?”

“நாட்பட்ட முன்னிற்கும் சுரப்பி அழற்சி.”

“மலாயே தேவலாம்ணே.”

சரி, பிரித்துப் பார்ப்போம். முன்னிற்கும் சுரப்பி என்பது ஆண்களுக்குள்ள புரோஸ்டேட். அதற்கு மூலம் ‘புரோஸ்டாட்டெஸ்’ என்ற கிரேக்கச் சொல். முன்னால் நிற்பவர் என்று பொருள். தலைவர், காப்பாளர் என்றும் கிரேக்கர் அதைக் கையாண்டார்கள். நாமும் ‘முன்னின்று கல்யாணத்தை நடத்தினார்’ என்கிறோமே, அதே போக்குதான். சிறுநீர்ப்பையின் வாசலில் நிற்கும் அக்ரூட் அளவுச் சுரப்பிக்கு இந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது. ‘குரோனிக்’ காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘நாட்பட்ட’வில் நாள் இருக்கிறது; மருத்துவர் கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல். ‘அழற்சி’யில் இருப்பது அழல், அதாவது நெருப்பு. மலாயில் அழற்சிக்கு ‘ராடாங்’. ‘மெராடாங்’ என்றால் கோபத்தில் கொதிப்பது!

இந்தச் சுரப்பியைச் சிலர் ‘விந்துச் சுரப்பி’ என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. விந்தணு உருவாவது விந்தகத்தில். இது சேர்ப்பது விந்துநீரில் ஏறக்குறைய கால்பங்கு நீர்மம் மட்டுமே: துத்தநாகம், சிட்ரிக் அமிலம், கட்டியாக வெளிவரும் விந்துநீரை இளக்கும் நொதி. அழற்சி நீடித்தால் அந்த நீர்மத்தின் தன்மை கெடும். அங்கே கூடும் வெள்ளையணுக்கள் உமிழும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் விந்தணுவின் கொழுப்புச் சவ்வை அரிக்கும், உள்ளே டி.என்.ஏ. இழையும் முறியலாம். எண்ணிக்கை குறையாமலே நீச்சல் தளர்ந்துபோவதும் உண்டு.

தம்பியின் தாளிலும் அதுதான். எண்ணிக்கை சரி, அசையும் விந்தணு 28 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 42. இதனால் மலடு என்று முடிவுகட்ட முடியாது; இந்த அழற்சியோடே தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். கிருமி தென்பட்டால் சில வாரம் ஆன்டிபயாட்டிக். பெரும்பாலோருக்குக் கிருமியே தென்படாது. அவர்களுக்கு வைத்தியம் வேறு.

“அம்மா முதல்லேர்ந்தே ‘உடம்புச் சூடு’ன்னுதான் சொல்றாங்கண்ணே” என்றார்.

சொல்லளவில் அம்மா பக்கம்தான் நான். ஆனால் பார்லித் தண்ணீரோடு நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்னதையும் செய்யச் சொன்னேன். புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும்; அதனால்தான் மறுபரிசோதனைக்கு மூன்று மாதத் தவணை போட்டிருந்தது.