டெலஸ்கோப் வாங்கும் முன் அதன் காலைப் பாருங்கள்

வாணியம்பாடியில் கேமரா, பைனாகுலர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொங்கல் முடிந்து வானம் தெளிந்தால் போதும், டெலஸ்கோப் அட்டைப்பெட்டிகளும் கடைக்கு வர ஆரம்பித்துவிடும். காவலூர் வானாய்வகம் பக்கத்து மலையில் இருப்பதாலோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானத்தின் மேல் ஒரு கிறுக்கு. ரிப்பேர் என்றுதான் கொண்டு வருகிறார்கள், பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருளில் பழுது எதுவும் இருக்காது.

போன மாதம் குப்பத்திலிருந்து ஒரு தம்பி 114 மி.மீ. கண்ணாடியும் 900 மி.மீ. குவிய நீளமும் (பிம்பம் குவியும் தூரம், இது கூடக் கூடப் படம் பெரிதாகும்) உள்ள நியூட்டோனியன் வகை டெலஸ்கோப் ஒன்றைத் தூக்கி வந்தார். வானத்து வாயு மேகமான நெபுலாவைப் படம் எடுக்கத்தான் வாங்கியிருக்கிறார். "அண்ணா, கேமரா மாட்டினா ஃபோகஸே ஆக மாட்டேங்குது." மாட்டிப் பார்த்தேன். ஃபோகஸரை முழுக்க உள்ளே திருகியும் இன்னும் ஒரு விரற்கடை போக வேண்டியிருந்தது. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த குழாய்களில் இது சகஜம், ஏனென்றால் டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சார் நாலரை சென்டிமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, பிம்பம் அதுவரை எட்டாது. பிம்பத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸை இடையில் போட்டால் ஃபோகஸ் வரும்தான், ஆனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

சரி, அதையாவது சமாளிக்கலாம். பெரிய வில்லங்கம் கீழே, குழாயைத் தாங்கித் திருப்புகிற மவுன்டில். வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்புகிற இக்விடோரியல் மவுன்டின் அச்சு, துருவ நட்சத்திரத்தை ஒட்டியிருக்கும் வான துருவத்தைப் பார்க்க வேண்டும், நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு தாழ இறக்கியதும் குழாய்க்கு எதிர் எடை மாட்டும் கம்பி முக்காலியின் காலில் போய் இடித்தது. துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் நிற்கிற நாட்டுக்காரர்களை மனதில் வைத்துச் செய்த பொருள். இரண்டு கால்கள் வடக்கே வருகிற மாதிரி முக்காலியைத் திருப்பி ஓரளவு சரிசெய்தோம். அப்புறம் அவர் வீட்டு மாடியில் வடக்கே பார்த்தால் தென்னை மரம்!

மவுன்டைப் பற்றி ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்றால், பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. 900 மி.மீ. குழாயில் சாதாரண டிஎஸ்எல்ஆரை மாட்டி மோட்டார் இல்லாமல் ஒரு நொடி திறந்தால், வான நடுக்கோட்டுப் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ள கோடு) பக்கத்து நட்சத்திரம் சுமார் 15 பிக்சல் ஓடியிருக்கும். அதே கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு பிக்சல்கூட ஓடாது. அதனால் கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாயை மவுன்டுக்கோ, கேமராவை நட்சத்திரத்தோடு மெல்லத் திருப்பும் டிராக்கருக்கோ ஒதுக்குங்கள், வாங்கும்போது எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேட்டு, கடையிலேயே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் "450 மடங்கு" எதற்கும் உதவாது. ஆண்ட்ரோமிடா கேலக்ஸி நிலாவைப் போல ஆறு மடங்கு நீளம், 900 மி.மீ.யில் அது ஃப்ரேமுக்குள் அடங்கவே அடங்காது. பழைய 135 மி.மீ. லென்ஸில் தாராளமாக அடங்கும், கார்த்திகை ஆறுமீனும் அப்படித்தான்.

டெலஸ்கோப்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 60, 70 மி.மீ. அளவில் நிறம் அதிகம் சிதறாத ஈடி கண்ணாடி போட்ட சின்ன ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் டெலஸ்கோப், போதும். சாதா கண்ணாடியில் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் விழும். எல்லாம் தானாக நடக்கட்டும் என்பவர்களுக்கு சீஸ்டார் எஸ்50 மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள் வந்துவிட்டன, நான் மட்டம் தட்ட மாட்டேன். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்ததன் விளைவு அது. லேசாக இருந்தால் துடைத்துவிடலாம், கோட்டிங்கை அரித்திருந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தம்பியிடம் குழாயை நிலாவுக்கும் சனிக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னுடைய பழைய 50 மி.மீ. லென்ஸைக் கொடுத்து அனுப்பினேன். வெறும் முக்காலியில், 4 நொடி வீதம் 200 படம், மொத்தம் 13 நிமிட வெளிச்சம். டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற மென்பொருளில், அது இலவசம்தான், எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்கி, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் நெபுலா இருக்கும் வாள் பகுதியை ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார், கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, நடுவுல செவப்பா ஒரு அழுக்கு இருக்கே, அது உங்க லென்ஸ்லயா, வானத்துலயா?"