ஃபெசன்ட் குஞ்சுக்கு ஏன் இவ்வளவு சூடு?

ஃபெசன்ட் என்பது கோழிக் குடும்பத்துப் பறவை. அதன் முட்டை பொரிய 23 முதல் 25 நாள் ஆகும். வெளியே வந்த குஞ்சு, ஈரம் காய்ந்ததும் எழுந்து நடக்கும், தானே கொத்தித் தின்னும். ஆனால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள மட்டும் அதற்கு வராது.

காரணம் அதன் அளவு. உடம்பு சிறுத்திருந்தால், சூடு உண்டாக்கும் தசை குறைவு. அதை இழக்கும் தோல் பரப்போ எடைக்குப் பார்த்தால் மிக அதிகம். மேலே இருக்கும் பூமயிர், அதாவது இறகு முளைக்கும் முன் உள்ள மென்மயிர், கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கும், நனைந்தால் அதுவும் போச்சு. காட்டில் தாய் தன் வயிற்றுக்கடியில் வைத்துக் காக்கும். வீட்டில் பெட்டியில் வளர்க்கும்போது அந்த வேலை சூடு தரும் விளக்குக்கு.

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைக்கலாம். விளக்கைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மாட்டுங்கள். மறு ஓரம் குளிர்ச்சியாக இருந்தால் வேண்டிய இடத்தைக் குஞ்சே தேடிக்கொள்ளும். நான் வெப்பமானியைவிடக் குஞ்சுகளைத்தான் நம்புவேன். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறதா என்று பாருங்கள். பெட்டியின் மூலைகளை அட்டையால் வளைத்து மறைத்துவிட்டால், மூலையில் குவிந்து நசுங்காது.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடச் சொல்வதும் இதற்காகத்தான். மூழ்காமல் தப்பிய குஞ்சுகூட நனைந்தால் குளிரில் செத்துப்போகும். தரையில் செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்துவிடும்.

தீவனத்திலும் இதே கதைதான். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம் அளவில் இருக்கும். ஃபெசன்ட் குஞ்சுக்கு 28 முதல் 30 வேண்டும். காட்டில் முதல் சில வாரங்கள் அது பெரும்பாலும் பூச்சிதான் தின்னும். இறகு என்பதே கெரட்டின் என்ற புரதம். புரதம் குறைந்தால் இறகு தாமதமாகும், விளக்கு வேண்டிய நாளும் நீளும்.

இறக்கை இறகுகள்தான் முதலில் முளைக்கும். இரண்டு வாரத்தில், முதுகில் இன்னும் பூமயிர் இருக்கும்போதே, படபடவென்று எழும்பிப் பறக்கும். எதிரியிடமிருந்து தப்புவது அவசரம் அல்லவா! அதனால் மேலே வலை கட்டாயம்.

நெரிசலும் கூசும் வெளிச்சமும் சேர்ந்தால் ஒன்றையொன்று கொத்தும். ஒரு துளி இரத்தம் தெரிந்தால் போதும், எல்லாம் அங்கேயே கொத்தும். சிவப்பு விளக்கில் இரத்தம் அவ்வளவாகத் தெரியாது. கொத்துப்பட்டதைத் தனியே பிரித்துவிடுங்கள்.

ஆறேழு வாரத்தில் முதுகு முழுக்க இறகு மூடிவிடும். அதை ஒட்டி, முதலில் பகலில் மட்டும் விளக்கை அணைத்துப் பாருங்கள். இரவு குளிர் இல்லையென்றால் பிறகு முழுதாக நிறுத்தலாம். மழையில் மட்டும் அப்போதும் விடாதீர்கள். இளம் இறகு நீரை அவ்வளவாகத் தடுக்காது.