பித்தளை உறை சொல்வதும் சொல்லாததும்: வைல்ட்கேட் தோட்டா செய்வோருக்கு ஓர் உலோகவியலாளரின் எச்சரிக்கை

சென்ற ஆண்டு வேட்டைப் பருவத்துக்குச் சற்று முன்பு, ஒரு சிறு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு துண்டுகளாக உடைந்த பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் உலோகச் சிதைவுகளை ஆராய்வது என் தொழில். கொதிகலன் குழாய்களும் வால்வுகளும் அறுந்த போல்ட்டுகளுமே அன்றாடம் என் மேசைக்கு வருபவை என்றாலும், வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பழக்கம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுப் பரவலாக உள்ள இந்நாட்டில் இத்தகைய கூடுகளும் அவ்வப்போது வருகின்றன. கொண்டு வந்தவர் அனுபவம் உள்ளவர். வெடிமருந்தின் அளவு மிகுந்துவிட்டதோ என்பதே அவருடைய ஒரே கேள்வி. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண்கள் தப்பின, கன்னத்தில் மட்டும் கரித்துகள்கள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன.

எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்காத, எந்தத் தர அமைப்பும் அளவு வகுக்காத தோட்டாவை வைல்ட்கேட் என்பார்கள். ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் கூட்டை எடுத்து, குண்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, உடலிலிருந்து கழுத்துக்குச் சரியும் தோளின் சாய்வை மாற்றியோ, நீளத்தைக் குறைத்தோ புதிய வடிவம் கொடுக்கிறார்கள். அந்த வடிவத்துக்கு ஏற்ப ரீமர் என்னும் குடைகருவியைச் செய்வித்து, குழலில் தோட்டா அமரும் அறையைக் குடைந்து, பிறகு ஒவ்வொரு தோட்டாவையும் கையால் நிரப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06 கூட்டின் கழுத்தைச் சுருக்கித் துப்பாக்கிக் கொல்லர் நீட்னர் 1920வாக்கில் உருவாக்கிய .25-06 தோட்டாவை ரெமிங்டன் நிறுவனம் 1969இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. கழுத்தை விரித்து 1922இல் உருவான .35 வீலன் 1988 வரை காத்திருந்தது. 1930களில் பலர் தனித்தனியாக உருவாக்கிய .22-250 தோட்டாவுக்கு அந்த அங்கீகாரம் 1965இல் கிடைத்தது. துல்லியச் சுடுதலில் நெடுங்காலம் கோலோச்சிய 6 மில்லிமீட்டர் பி.பி.சி. தோட்டாவை 1975இல் உருவாக்கிய இருவரில் ஒருவரான பால்மிசானோ ஒரு மருத்துவர்.

இந்தப் பெருமையைப் பேசும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். தொழிற்சாலை ஏற்றுக்கொண்ட நாளில்தான் இந்தத் தோட்டாக்கள் அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழலில் முறைப்படி சுடப்பட்டன. 1926இல் தொடங்கப்பட்ட அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பு .30-06 தோட்டாவுக்கு வகுத்துள்ள உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்ட், .22-250 தோட்டாவுக்கு 65,000. இந்த எண்களுக்குப் பின்னால் கருவி இருக்கிறது. நேற்று குடைந்த உங்கள் அறைக்குப் பின்னால் அது இல்லை. பழைய கையேடுகளைப் புரட்டுவோர் இன்னொரு குழப்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். செப்பு உருளையை நசுக்கி அழுத்தத்தை அளந்த காலத்தில் அதே .30-06 தோட்டாவின் வரம்பு 50,000 என்று அச்சானது. அது வேறு அளவுகோல். ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் கணக்கு முழுதும் தவறிப்போகும்.

மேசைக்கு வந்த கூட்டுக்குத் திரும்புகிறேன். அது .30-06இலிருந்து பிறந்த, உடலின் சாய்வைக் குறைத்துத் தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்திய வகை. துப்பாக்கிக் கொல்லர் பார்க்கர் ஆக்லியின் பெயரால் வழங்கும் இந்த வகையில், கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவையே புதிய அறையில் வைத்துச் சுடுவார்கள். வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை வெளிப்புறம் விரிந்து அறையின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். உடைந்த துண்டை நீளவாக்கில் அறுத்து, பிசினில் பதித்து, தேய்த்து மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது மருந்தைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போனது. அடிப்பகுதியின் கெட்டியான பித்தளை முடிந்து சுவர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில் வட்டமாக ஒரு பள்ளம் ஓடியிருந்தது. அங்கே சுவரின் கனம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, உலோக மணிகள் நீளவாக்கில் இழுபட்டிருந்தன. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அமரும் அடிக்குழியோ விரியவே இல்லை. மருந்து மிகுந்திருந்தால் அடிப்பகுதிதான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும்.

அந்த அறை ஒரு மயிரிழை ஆழமாகக் குடையப்பட்டிருந்தது என்பதே காரணம். ஆக்லி முறையில், மூலத் தோட்டாவுக்கான அளவைவிட 0.004 அங்குலம் குறைவாக ஹெட்ஸ்பேஸ் வைத்துக் குடைய வேண்டும்; அறையின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். அப்போதுதான் சாதாரணத் தோட்டா கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான சந்தியில் இறுகி, அடி போல்ட்டின் முகத்தில் ஒட்டி நிற்கும். அந்த இறுக்கம் இல்லாவிட்டால் சுடும் ஊசி கூட்டை முன்னே தள்ளிவிடுகிறது. மெல்லிய முன்சுவர் விரிந்து அறையைக் கவ்விக்கொள்கிறது. அழுத்தம் ஏறியதும் கெட்டியான அடி மட்டும் பின்னோக்கிச் சென்று போல்ட்டில் மோதுகிறது. நடுவில் அகப்பட்ட சுவர் இழுபடுகிறது. கேடு முதல் சுடுதலிலேயே நடந்துவிட்டது. அடுத்தடுத்து நிரப்பிச் சுட்ட நான்கு முறையும் அந்தப் பள்ளம் ஆழமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மங்கலான ஓர் ஒளிர்வளையம் மட்டுமே தெரிந்திருக்கும், அதையும் அறையின் உராய்வு என்று அவர் கருதிவிட்டார்.

ஆகவே புதிய வைல்ட்கேட் குழலில் முதலில் வடிவேற்றிய கூடுகளில் இரண்டு மூன்றையாவது நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள் என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொருவரையும் நான் வேண்டிக்கொள்கிறேன். அறுத்த கூடு வீண் என்று நினைக்கக் கூடாது. மற்றவற்றை, முனை வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியால் உட்சுவரை அடியிலிருந்து மேல்நோக்கி வருடிச் சோதிக்கலாம். பள்ளம் இருந்தால் கம்பி தட்டித் தடுக்கும்.

இனி அழுத்தத்தின் அடையாளங்கள். பிரைமர் தட்டையாவது, போல்ட் இறுகித் தூக்க முடியாமல் போவது, கூட்டின் அடியில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம் பளபளப்பாகப் பதிவது ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அடையாளம் கண்டதும் சற்றுப் பின்வாங்குவதே வைல்ட்கேட் செய்வோரின் பரவலான வழக்கம். உலோகவியலாளனாக எனக்கு இதில் ஆழ்ந்த கவலை உண்டு. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, பழைய வடிவுக்கு மீள முடியாத எல்லையைத் தாண்டிய பிறகே நிலையான தடம் காட்டும். கடினமான அடியைக் கொண்ட கூடு, எல்லா வரம்புகளையும் அழுத்தம் கடந்த பின்னரும் வாய் திறக்காமல் இருக்கும். பிரைமர்க் கிண்ணத்தின் கடினமோ தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மேலும், மருந்து எரியும் வேகம் அழுத்தத்தோடு சேர்ந்தே ஏறுவதால், கடைசியாகக் கூட்டும் சிறு அளவு முதலில் கூட்டிய அதே அளவைவிட மிக அதிகமாக அழுத்தத்தை உயர்த்துகிறது. குளிர்காலக் காலையில் அடையாளமே காட்டாத தோட்டா, கோடை வெயிலில் காய்ந்த பிறகு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

கண்ணை அளவுகோலாக நம்பிய கதை இதே .30-06 தோட்டாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளின் உடற்பகுதியை உலையில் காய்ச்சியபோது, எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்த கொல்லர்கள் வெப்பத்தை முடிவு செய்தார்கள். 1917இல் சில துப்பாக்கிகள் வெடித்துச் சிதறிய பிறகு விசாரித்தபோது, பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில் அதே நிறம் தெரிய எஃகு 300 டிகிரி பாரன்ஹீட் வரை கூடுதலாகக் காய்ந்திருந்தது தெரியவந்தது. எஃகு வெந்து நொறுங்கும் தன்மையை அடைந்திருந்தது. வெப்பமானி வந்தது, பதமேற்றும் முறையும் மாறியது. பழைய முறையில் பதமேற்றிய, ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையில் 800,000க்கும் ராக் ஐலண்டில் 285,507க்கும் கீழான வரிசை எண் கொண்டவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் வைல்ட்கேட் கட்டுவதை எக்காரணத்தாலும் ஏற்க முடியாது. இன்று குழலின் மேல் ஒட்டி, அது விரிவதைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் விகார உணரி தனியாருக்கும் கிடைக்கிறது. புதிய ரீமருக்கும் குழலுக்கும் செலவழிப்பவர் அதற்கும் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணினி மென்பொருள் தரும் எண் ஒரு மதிப்பீடுதான், அதை அளவீடு என்று கொள்ளக் கூடாது.

கழுத்தைச் சுருக்கும்போது அதன் சுவர் தடிக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குண்டைப் பொருத்திய பின் கழுத்தின் வெளிவிட்டம் அறையின் கழுத்தளவை நெருங்கிவிட்டால், சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமிருக்காது. அப்போது மருந்தின் அளவு சரியாகவே இருந்தாலும் அழுத்தம் தாறுமாறாக ஏறும். தடித்த கழுத்தைக் கடைந்து சீராக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதியிலும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

உருமாற்றி உருமாற்றி இறுகிப்போன கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கும் அனீலிங் அவசியமானதுதான். ஆனால் அந்தச் சூடு அடிப்பகுதியை எட்டினால், அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே மென்மையாகிவிடும். அப்படி ஆன கூட்டை மீட்க வழியில்லை, நசுக்கி எறிய வேண்டும்.

பித்தளையின் இன்னொரு பகை அம்மோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த ராணுவத் தோட்டாக் கூடுகள், யாரும் சுடாமலேயே வெடிப்பு விட்டன. பருவமழையோடு சேர்ந்து வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் நிலைத்தது. இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய தகைவும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரப்பதமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் விளக்கினர். வைல்ட்கேட் கூட்டில் அந்தத் தகைவு கழுத்திலும் தோளிலும் மிகுதியாகவே இருக்கிறது. அம்மோனியா கலந்த வீட்டு மெருகுத் திரவத்தால் கூடுகளைத் துலக்குவதும், குழலைச் சுத்தம் செய்யும் அம்மோனியாக் கரைப்பானோடு அவற்றை ஒரே பெட்டியில் வைப்பதும் கூடாது.

வைல்ட்கேட் கூட்டின் அடியில் பொறித்திருப்பது மூலத் தோட்டாவின் பெயர் என்பதையும் சொல்லியாக வேண்டும். .223 கூட்டிலிருந்து பிறந்து 2011இல் தரம் பெற்ற .300 பிளாக்அவுட் தோட்டாவை மறதியாக .223 துப்பாக்கியில் இட்டுச் சுட்டதால் சிதறிய துப்பாக்கிகள் பல. அதற்காவது தொழிற்சாலைப் பெயர்ப்பொறிப்பு உண்டு. வீட்டில் பிறந்த தோட்டாவுக்கு உங்கள் கையெழுத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. இந்தியாவில் இதை வாசிப்போர் கவனிக்க: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

உடைந்த கூட்டைக் கொண்டு வந்தவர் அதே தொகுதியில் மீதமிருந்த தோட்டாக்களை மறு வாரம் பிரித்து, வெறுங்கூடுகளை எடுத்து வந்தார். நான்கை அறுத்தோம், மூன்றில் அதே பள்ளம் இருந்தது. குழலைத் திருப்பி அனுப்பி, அறையை மறுபடி அளந்து குடைந்த பிறகு, முதலில் சுட்ட ஐந்து கூடுகளில் இரண்டை அவரே அறுத்துப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டிலும் சுவர் அடியிலிருந்து மேல்வரை சீராக மெலிந்து சென்றது.